பாலத்தூணருகே எடுத்த படம்

மலேசியாவில், ஜொகூரில் நான் கட்டிக்கொடுத்த பாலங்களின் மேல்தான் இன்று பஸ்ஸும் லாரியும் ஓடுகின்றன. ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இஞ்சினியர்களே என்னிடம் வந்து யோசனை கேட்பார்கள். அது கிடக்கட்டும். நான் முதன்முதலில் ஒரு பாலத்தருகே நின்ற கதை வேறு.

அப்போது பக்கத்து டவுனான யோங் பெங்கில் ஒரு ஜப்பான்காரர் படக்கடை வைத்திருந்தார். அம்மாவுக்கு என்னைப் படம் பிடித்து ஊரிலிருந்த மாமாவுக்கு அனுப்ப ஆசை. அப்பாவோடு கப்பலேறிய நாளிலிருந்து மாமா அவளோடு பேச்சை அறுத்துவிட்டார். மருமகன் முகத்தைப் பார்த்தாலாவது மனம் இளகாதா என்று ஏங்கினாள்.

ஜப்பான்காரர் காசே வேண்டாம் என்றார். ஆனால் கடையில் எடுக்க மாட்டாராம். ஆற்றுப் பாலத்துக்கு வர வேண்டுமாம்.

"சும்மா எடுக்கறானா? ஏதோ இருக்கு லா," என்றார் அப்பா.

"நம்ம புள்ள அழகு அப்பிடி. நீங்க சும்மா இருங்க."

பாலத்தடியில் அவர் நாடாவை எடுத்து என்னை உச்சி முதல் பாதம்வரை அளந்து குறித்துக்கொண்டார். அம்மா உருகிப்போனாள். "பெத்த அப்பன் ஒரு நாள் அளந்து பாத்திருக்காரா? மனுசன்னா இவரு!"

என்னைத் தூணோடு ஒட்டி நிறுத்தி, முதுகை நிமிர்த்தி, கையில் ஒரு மிட்டாயும் வைத்தார். பிறகு படம் பிடிக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் போனார்.

"ஐயா, கிட்ட வாங்கய்யா! புள்ள மூஞ்சி தெரியணும்!" என்று அம்மா கத்தினாள். அவர் அங்கிருந்தே குனிந்து வணங்கினார்.

படம் வந்தது. தூண், உத்திரம், ஆணி எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன. அடியில் கடுகுபோல நான். "மாமாவுக்கு என்னைத் தெரியாதே!" என்று தேம்பினேன். அம்மா குங்குமத்தைத் தொட்டு என் தலைக்கு மேலே ஒரு பொட்டு வைத்தாள். "இப்ப தெரியும்டா."

தெரிந்தது. மாமாவிடமிருந்து பதில் வந்தது: 'பொட்டுக்குக் கீழே நிற்கிறவன் நம் அப்பாவைப்போலவே நிற்கிறான்.' அம்மா அழுதுகொண்டே முறுக்குச் சுட்டு, ஜப்பான்காரருக்கு ஒரு தூக்கு நிறையக் கொடுத்துவிட்டாள்.

சில வருஷங்களில் அவர் கடையைப் பூட்டிக்கொண்டு போனார். அப்புறம் யுத்தம் மூண்டு, அவருடைய நாட்டுப் பட்டாளம் சைக்கிளில் அதே பாலத்துச் சாலையில் வந்தது.

என் வேலையிடத்திலும் படம் எடுக்கும்போது தூணருகே ஓர் ஆளை நிறுத்துகிறோம். ஆளின் உயரம் தெரிந்தால் தூணின் உயரம் தெரிந்துவிடும். மிட்டாயைச் சப்பிக்கொண்டு நிமிர்ந்து நின்றவனுக்கு அது தெரியாது. அவருக்கு என்மேல் அவ்வளவு பிரியம் என்றுதான் நினைத்திருந்தேன்.