சோற்றுக்கைக்கு ஒரு திட்டம்

"இந்தத் தவணை முடியிறதுக்குள்ள பிள்ளை தானாச் செய்யோணும் எண்டு நீங்க ஆசைப்படுற ஒரு காரியம் சொல்லுங்க அம்மா" என்று கிளினிக் மிஸ் கேட்டார். அவர் பேனை மூடியைக் கழற்றுவதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன்.

"சோத்துக்கையால எழுதோணும் மிஸ்."

எனக்கு அவசரம். மகளுக்கு ஒன்பது வயது, தரம் நான்கு. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் அவளுக்குச் சோறு தின்ன வேண்டிய வலது கையும் வலது காலும் இறுக்கம். பெருமூளை வாதம் என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறது. காலை இழுத்து இழுத்தாவது நடந்துவிடுவாள். கை முழங்கையில் மடங்கி, விரல்கள் பொத்தியபடி நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. வாய் என்னைவிட இரண்டு மடங்கு. எல்லாவற்றையும் இடது கையால்தான் செய்வாள், சோறு தின்பது உட்பட. கோயிலில் திருநீறு வாங்க அந்தக் கையை நீட்டும்போது ஐயர் ஒரு கணம் தயங்குவார். அந்த ஒரு கணத்துக்குப் பயந்தே நான் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப் போவதைக் குறைத்திருந்தேன்.

ஏடு தொடக்கிய அன்றும் அப்படித்தான். ஐயர் அவளுடைய வலது கையைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதப் பார்த்தார். பொத்திய விரல் விரியவில்லை. அரிசிதான் தட்டைத் தாண்டிச் சிதறியது. "ஐந்தில வளையாட்டி ஐம்பதில வளையுமா?" என்று என் மச்சாள் எல்லார் முன்னாலும் கேட்டாள். மச்சாளுக்கு நான் அன்றைக்கே நல்ல பதில் கொடுத்தேன். ஆனால் அந்தக் கேள்வி என் காதை விட்டுப் போகவில்லை.

மிஸ்ஸின் மேசையில்தான் என் குழப்பம் தொடங்கியது. எழுதுவதற்கு இடது கையே இருக்கட்டும், வலது கை உதவிக் கை, கொப்பி நழுவாமல் அழுத்திப் பிடிக்க அதைப் பழக்குவோம் என்றார். சரி என்று தலையாட்டினேன். அடுத்த மூச்சிலேயே, வீட்டில் பின்னேரம் ஒரு மணித்தியாலம், விளையாடும்போது மட்டும், இடது கைக்குக் கையுறை மாதிரி ஒரு துணிப்பை போட்டுவிடுங்கள் என்றார். நல்ல கை ஓய்ந்திருந்தால்தான் மற்றக் கைக்கு வேலை வருமாம். எனக்கு விளங்கவில்லை. இடது கைதான் எழுத வேண்டும் என்றால் அதை ஏன் கட்ட வேண்டும்? அதைக் கட்ட வேண்டும் என்றால் அதனால் ஏன் எழுத வேண்டும்? கேட்டிருக்கலாம். வெளியே வாங்கில் நிறைய ஆட்கள் உட்கார்ந்து காத்திருந்தார்கள். கேட்டால் மடைச்சி என்று நினைப்பார் என்ற வெட்கமும் இருந்தது. மிஸ் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தந்தார். எங்கள் ஊர் தேற்றாத்தீவில் இறங்கும்வரை பஸ்ஸில் அதை மூன்று தரம் வாசித்தேன். அதில் எனக்குப் பிடித்தது துணிப்பை ஒன்றுதான்.

வட்டையில் வயல் வேலை முடித்து வந்த கணவரிடம் தாளைக் காட்டினேன். மேலே 'தொழில்வழிச் சிகிச்சைத் திட்டம்' என்று இருந்தது.

"ஒம்பது வயசுப் புள்ளைக்கு என்ன தொழில்?" என்றார். பிறகு, "வாசிக்கத் தெரிஞ்சவ நீதானே, பாத்துச் செய்" என்று கையைக் கழுவிவிட்டார்.

நான் தையல்காரி. அவருடைய பழைய சாரத்தில் ஒரு பை தைக்க எனக்குப் பத்து நிமிடம். மணிக்கட்டில் நாடா வைத்து, அவளால் அவிழ்க்க முடியாதபடி முடிச்சுப் போட்டேன். ஒரு மணித்தியாலம் நல்லது என்றால் பள்ளிக்கூட நேரம் முழுக்கக் கட்டினால் எவ்வளவு நல்லது என்று கணக்குப் போட்டேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று உறுப்பெழுத்துக் கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதி வளர்ந்தவள்தான் நானும்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில், "இது கிளினிக்கில சொன்னது, டீச்சர். அவ அழுதாலும் அவிழ்க்க வேணாம்" என்றேன்.

டீச்சரும் குழம்பிப் போனார். "அப்ப இவ எழுதுறது எப்பிடி?"

"சோத்துக்கையால."

"ஏலுமா?"

"ஏலும்."

எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது. கிளினிக் என்ற சொல்லுக்காக டீச்சர் பையை அவிழ்க்காமல் அவளை வகுப்புக்குள் கூட்டிப் போனார்.

இரண்டாம் நாள் கொப்பியில் ஒரு கோணல் கோடு விழுந்திருந்தது. அதைக் கணவருக்குக் காட்டினேன், பக்கத்து வீட்டுக்குக் காட்டினேன். மூன்றாம் நாளில் இருந்து தண்ணீர்ப் போத்தல் கொண்டு போனபடியே நிறைய வந்தது. காலைத் தேத்தண்ணியையும் தொடாமல் விட்டாள். "வெயில் இந்த எரி எரிக்குது, என்னடி அடம்?" என்று கத்தினேன். வாயாடி முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கினாள். பை கட்டிய கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை டீச்சர் போன் எடுத்தார். ஓடினேன். வகுப்பில் மற்றப் பிள்ளைகளை வெளியே விட்டிருந்தார்கள். மகள் கடைசி வாங்கில் தனியே இருந்தாள். வெள்ளைச் சட்டை நனைந்திருந்தது, பையும் நனைந்திருந்தது. கீழே தரையைக் கழுவியிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தால் கண் தெரியாது.

"கக்கூசுக்குக் கூட்டிப் போக இஞ்ச ஒரு ஆள் இல்லையா?" என்று டீச்சர்மீது பாய்ந்தேன்.

"அவ எப்பவும் தனியத்தானே போறவ அம்மா" என்றார் டீச்சர். "போன வருசத்தில இருந்து."

எனக்கு அது தெரியாது. யாரோ கூட்டிப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருவரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு தாளிலும் அது இல்லை.

வீட்டில் அவளைக் குளிக்க வார்க்கும்போதுதான் வாய் திறந்தாள். "கை கட்டியிருந்தா உடுப்பை இறக்க ஏலாதும்மா. தண்ணி குடிக்காட்டி வராது எண்டு பாத்தன். இண்டைக்கு வந்திட்டு."

"ஏன் மனே எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க சந்தோசமா இரிந்தீங்க" என்றாள்.

அடுத்த கிளினிக்குக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். கல்லடிப் பாலம் தாண்டும்வரை ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தேன். பை கிழிந்துபோனது, ஆகவே கட்டவில்லை என்று சொல்வதாக இருந்தது. ஆனால் மிஸ் "எப்பிடிப் போகுது?" என்று கேட்டதும் நடந்தது எல்லாம் கொட்டுப்பட்டுவிட்டது. ஏச்சு விழும் என்று காத்திருந்தேன்.

"நான் சொன்னது விளங்கினதா எண்டு நானும் கேக்கல்ல" என்றார் மிஸ்.

ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். பிழை என்னுடையதா, அவருடையதா, அந்தத் தாளுடையதா என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். மிஸ் தாளை மகளின் பக்கம் திருப்பி வைத்தார். "இந்தத் தவணை நீங்க என்ன செய்யோணும் எண்டு நினைக்கிறீங்க?"

அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். எழுத வேண்டும் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"கதவைப் பிடிக்கோணும்" என்றாள்.

"எந்தக் கதவை?"

"பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் கதவை. கொண்டி உடைஞ்சிட்டு. மற்றப் பிள்ளைகள் ஒரு கையால கதவைப் பிடிச்சிக்கொள்ளுவாங்க. எனக்கு இந்தக் கை உடுப்புக்கு வேணும்." மடங்கிய வலது கையை நெஞ்சில் இருந்து கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். "இது கதவைப் பிடிச்சாப் போதும்."

கொண்டியைத் திருத்தச் சொல்லி நான் அதிபரிடம் போகிறேன் என்று எழும்பினேன். மிஸ் என்னை இருக்கச் சொன்னார். "கொண்டியும் போடுவிப்பம், கையும் பழகட்டும்" என்று கதவுக்கு ஒரு துணி வளையம் வரைந்தார். மணிக்கட்டை அதற்குள் விட்டு இழுத்தால் கதவு சாத்தியபடியே நிற்கும்.

எனக்கு இன்னொன்று விளங்கவில்லை. "போன வருசம் முழுக்கக் கதவை ஆர் மனே பிடிச்சது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்ல. நான் பாடுவன்."

"பாடுவியா?"

"ஓம். பாட்டுக் கேட்டா உள்ளுக்க ஆள் இரிக்கு எண்டு தெரியும், ஒருத்தரும் கதவை இழுக்க மாட்டாங்க. பாடுறதுக்குக் கை தேவையில்லதானே."

மிஸ் எழுதுவதை நிறுத்திவிட்டார். ஒரு வருடமாக, இடைவேளைக்கு இடைவேளை, என் பிள்ளை அந்தத் தகரக் கதவுக்குப் பின்னால் தனியே நின்று பாடியிருக்கிறாள். அவளுக்குத் தானாக ஒன்றும் செய்யத் தெரியாது என்று நான் வீட்டில் அழுதுகொண்டிருந்திருக்கிறேன். என்ன பாட்டு என்று கேட்க நினைத்தேன். வளையத்துக்கு எத்தனை அங்குலத் துணி வேண்டும் என்றுதான் கேட்டேன்.