ஏழாம் நம்பர் லேப்டாப்பும் அஞ்சாம் நம்பர் பெட்டியும்

என் தம்பி சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் எதற்கு வயதாகிவிட்டது என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போவது அவன் வழக்கம். ஒரு வருஷம் மிக்சி. இன்னொரு வருஷம் என் மூக்குக் கண்ணாடி. மூன்று வருஷத்துக்கு முந்தைய பொங்கலில் என் கம்ப்யூட்டரின் முறை வந்தது.

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் எங்கள் காலனி. வீட்டின் முன்னறையில் உட்கார்ந்துகொண்டு, வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் போட்டுக் கொடுக்கிறேன். எங்கள் பக்கத்தில் பிளானை யாரும் பார்ப்பதில்லை. சமையலறை எங்கே, படிக்கட்டு எங்கே என்பதெல்லாம் மேஸ்திரியின் மனசுக்குள் ஏற்கெனவே இருக்கும். வருகிறவர்களுக்கு வேண்டியது எலிவேஷன். கட்டி முடித்த வீட்டைத் தெருவில் நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்று கலரில் ஒரு படம். அதில் நல்ல வெயில் அடிக்க வேண்டும். வாசலில் கார் நிற்க வேண்டும். சைக்கிள் மட்டும் வைத்திருக்கிறவர் வீட்டு வாசலிலும் வெள்ளைக் கார் நிற்கும். மாடியில் செம்பட்டைத் தலைமுடியோடு ஒரு வெளிநாட்டுப் பெண் காப்பி குடித்துக்கொண்டிருப்பாள். அவள் சாஃப்ட்வேரோடு சும்மா வருகிறவள். ஒரு தடவை அவளை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். வீட்டுக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வூடு காலியா கீது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வரைவது பெரிய வேலையில்லை. வரைந்த பிறகு கம்ப்யூட்டர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். எந்தச் சுவரில் எவ்வளவு வெயில் விழும், எந்தக் கண்ணாடியில் எந்த மரம் தெரியும் என்று புள்ளி புள்ளியாகக் கணக்குப் போடும். ரெண்டரிங் என்பார்கள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் படம் நிரம்பிக்கொண்டு வரும். அந்தப் பாடு முழுவதும் பிராசஸர் என்கிற சில்லின் தலையில்தான் விழுகிறது.

என்னிடம் இருந்தது ஒரு பெரிய கறுப்புப் பெட்டி. காற்று போக வேண்டும் என்று அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பரண்மேல் போட்டிருந்தேன். உள்ளே பிராசஸரின் தலைமேல் அலுமினியத் தகடுகளும் அதற்கு மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃபேனும் உண்டு. ரெண்டரிங் ஓடும்போது, நாங்கள் மாவு அரைக்கிறோம் என்றுதான் தெருவில் போகிறவர்கள் நினைப்பார்கள்.

தம்பி கொண்டுவந்த லேப்டாப் ஒரு நோட்டுப் புத்தகத்தின் கனம்கூட இல்லை. எனக்காகவே வாங்கியதாகச் சொன்னான். என் பெட்டியில் இருந்தது அஞ்சாம் நம்பர் பிராசஸர், இது ஏழு. அஞ்சை விட ஏழு பெரிது என்பதை அவன் அம்மாவுக்கு விரல் விட்டே காட்டினான். என் பெட்டி அறுபத்தஞ்சு வாட் கரண்ட் குடிக்கிறதாம், இது பதினஞ்சே வாட்டில் அதைவிட அதிக வேலை செய்யுமாம். அது எப்படி என்று கேட்டேன். டெக்னாலஜி என்றான். பிராசஸர் பெயரின் கடைசியில் 'யூ' என்று ஓர் எழுத்து இருக்கிறதே, அது எதற்கு என்று கேட்டேன்.

"அல்ட்ரா, அக்கா" என்றான்.

அம்மாவுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் நாலு வீட்டுக்கு அல்ட்ரா வந்த செய்தி போய்விட்டது.

பரீட்சையும் நடந்தது. ஒரே வீட்டுப் படத்தை இரண்டிலும் ஏற்றி ஒரே நேரத்தில் தட்டிவிட்டோம். லேப்டாப் பாய்ந்துகொண்டு போயிற்று. பெட்டி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை முடிப்பதற்குள் லேப்டாப் ஜன்னல் வரைக்கும் இறங்கிவிட்டது. தம்பி எழுந்து நின்று கையைத் தட்டிக்கொண்டு, போதும், சாப்பிடலாம் என்று இரண்டையும் நிறுத்திவிட்டான். மொத்தம் ரெண்டு நிமிஷம் ஓடியிருக்கும். ஓட்டப் பந்தயத்தைப் பாதியிலேயே நிறுத்திப் பரிசு கொடுத்துவிட்டோம் என்பது அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை. வடை சூடாக இருந்தது.

அடுத்த வாரமே விசிட்டிங் கார்டு அடித்தேன். பெயருக்குக் கீழே, 'அதிவேக கம்ப்யூட்டரில் எலிவேஷன் தங்கள் இல்லத்துக்கே நேரில் வந்து காட்டப்படும்' என்று போடச் சொன்னேன். தம்பியைக் கேலி பண்ணிக்கொண்டே வந்தேன் இல்லையா, அந்த வரி முழுக்க என்னுடையது.

கார்டைப் பார்த்துவிட்டு முதலில் கூப்பிட்டவர் சாலவாக்கம் பக்கத்தில் ஒரு பெரிய விவசாயி. ஏரிக்குக் கீழே நல்ல நிலம். என் அம்மா பல வருஷம் அவர் கழனியில் நாற்று நட்டவள். பழைய வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக மாடி வீடு கட்டப் போகிறார், பூமி பூஜைப் பத்திரிகையில் அந்த வீட்டின் படத்தை அச்சடிக்க வேண்டும். இத்தனை நாள் அவர் என்னிடம் வராததற்குக் காரணம் இருந்தது. என்னிடம் படம் போட வேண்டுமானால் காலனிக்குள் வந்து, எங்கள் முன்னறையில், என் பெட்டிக்கு எதிரே உட்கார வேண்டும். இப்போது பெட்டியே வீடு தேடி வருகிறது.

சித்திரை வெயிலில் ஸ்கூட்டியில் போய் இறங்கினேன். போர்டிகோவில், காருக்குப் பக்கத்தில், எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் லேப்டாப்புக்கு ஒரு ஸ்டூலும் போட்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து பிளக் பாயிண்ட் கொடுத்தார்கள். பெரியவரும் அவர் மனைவியும் எதிரே உட்கார்ந்தார்கள். நான் வரைந்திருந்த வீட்டைப் பார்த்துவிட்டு, தூண் இன்னும் இரண்டு வேண்டும் என்றார் பெரியவர். மொட்டைமாடியில் இரண்டு மூலையிலும் சிங்கம் வேண்டும் என்றார் அவர் மனைவி. சிங்கத்துக்குப் பிடரி மயிர் உண்டு. ஒவ்வொரு மயிருக்கும் வெயில் கணக்குப் போட வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ரெண்டரிங்கைத் தட்டினேன்.

முதல் ரெண்டு நிமிஷம் பொங்கலில் பார்த்த அதே பாய்ச்சல். பெரியவர் மெச்சுகிற மாதிரி என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் கட்டங்கள் மெதுவாயின. பிறகு ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் ஒரு வாய் மோர் குடிக்க நேரம் கிடைத்தது. லேப்டாப்பின் அடிவயிற்றைத் தொட்டால் கை சுட்டது. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சின்ன உடம்பு, அதற்குள்ளே நூல் கனத்துக்கு ஒரு ஃபேன். சூடு வெளியே போக வழியில்லை. அதனால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பதினஞ்சு வாட் என்றால் பதினஞ்சு வாட்டுக்குத்தான் வேலை. ஆரம்பத்தில் காட்டுகிற வேகம் பெண் பார்க்க வந்த அன்றைக்கு எல்லாரும் காட்டுகிற மரியாதை.

எங்களுக்காகச் சுற்றிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைப் பெரியவர் லேப்டாப் பக்கம் திருப்பி வைத்தார். நாங்கள் மூன்று பேரும் வேர்த்து வழிந்துகொண்டு அது குளிருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் போயிற்று. ஒரு சிங்கத்துக்கு முகம் வந்திருந்தது.

பிறகு பெரியவருக்கு ஒரு யோசனை வந்தது.

"உள்ள ரூம்ல ஏசி கீது. அது அங்க இருக்கட்டும். நீ இங்கியே காத்தாட உக்காரும்மா."

லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவரே உள்ளே போனார். ஹாலைத் தாண்டி, படுக்கையறைக்குள், ஏசிக்கு நேர் கீழே கட்டிலின் மேல் வைத்தார் என்று பிறகு தெரிந்தது. நான் போர்டிகோவில் காரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுக்குள் எங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் போனது அந்த லேப்டாப்தான். தம்பி வாங்கிக் கொடுத்தது, மூன்று மாசம் வயசு.

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பெரியவர் வெளியே வந்து நிலவரம் சொன்னார். ஏசியில் கொஞ்சம் சுறுசுறுப்பு வந்திருந்தது. இரண்டாவது சிங்கத்தின் வால் தெரிகிறது என்றார். தூணில் பாதி வந்துவிட்டது என்றார். அவருக்கும் அதில் ஒரு பிரியம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். கடைசியாக வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. திரை அணைந்து மறுபடியும் எரிகிறது, வீட்டைக் காணவில்லை என்றார். அதற்கு முன்னால் ஏதாவது கேட்டதா என்றேன். கேட்டதாம். அப்டேட் வந்திருக்கிறது, இப்போது ரீஸ்டார்ட் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறது.

"மரியாதையா கேட்டுச்சி. சரின்னுட்டேன்."

இதில் பிராசஸரின் தப்பு ஒன்றுமில்லை, நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போன வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். மறுநாள் காலையில் வாலாஜாபாத் அச்சகத்தில் படத்தைக் கொடுத்தாக வேண்டும். இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். இதில் என்றால் பொழுது போய்விடும், என் வீட்டுப் பெட்டியில் அரை மணி நேரம் என்றேன். அப்படியானால் அதை எடுத்துக்கொண்டு வா என்றார், ரொம்பச் சாதாரணமாக.

"அது வராது, ஐயா. நீங்கதான் வரணும்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. பெட்டியின் கனத்தைத்தான் சொன்னேன் என்று அன்றைக்கு எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு ஆட்டோ பிடித்தால் ஏற்றிக்கொண்டு வந்திருக்கலாம் என்பது எனக்கும் தெரியும். பெரியவர் காரைப் பார்த்தார், தன் மனைவியைப் பார்த்தார், நாலு மணிக்கு வருகிறேன் என்றார்.

இதை நான் வீட்டில் வந்து சொன்னதும் அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. பெட்டியை ஏற்றிக்கொண்டு நானே அங்கே போய்ப் போட்டுக் கொடுத்திருக்கலாமே என்று திட்டிக்கொண்டே நாற்காலியை மூன்று தடவை துடைத்தாள். பெரியவர் காரை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். தெருவில் எல்லாருக்கும் அந்த நேரத்தில் வாசலில் ஏதோ வேலை இருந்தது. அவர் யாரையும் பார்க்காமலும் யாரையும் பார்க்காமல் இருப்பது தெரியாமலும் நடக்க முயன்றார். அது லேசான காரியமில்லை.

உட்கார்ந்தார். நான் தட்டிவிட்டேன். பெட்டி தன் மாவு அரைக்கிற சத்தத்தைத் தொடங்கிற்று. ஆரம்பத்தில் லேப்டாப் காட்டிய பாய்ச்சல் இதில் கிடையாது. ஆனால் முதல் நிமிஷம் என்ன வேகமோ பத்தாவது நிமிஷமும் அதே வேகம். சிங்கம் வந்தது, அதன் பிடரி வந்தது, நிற்கவில்லை. பெரியவர் திறந்து கிடந்த பக்கவாட்டில் கையை நீட்டிப் பார்த்தார். அனல் அடித்தது.

பதினாலாவது நிமிஷம் கரண்ட் போயிற்று.

இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது, ஆனால் அது பழைய பேட்டரி. அறுபத்தஞ்சு வாட் பிராசஸர், மானிட்டர், மற்ற சாமான்கள் எல்லாவற்றையும் சேர்த்துத் தாங்காது, கீக் கீக்கென்று கத்தத் தொடங்கிவிட்டது. அம்மா ஓடிப்போய் வீட்டிலுள்ள ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் அணைத்தாள். பெரியவர் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனையும் அணைத்துவிட்டாள். அரையிருட்டில், காற்றில்லாமல், நாங்கள் மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். லேப்டாப்பாக இருந்தால் பேட்டரியிலேயே ஓடும் என்று பெரியவர் மெல்லச் சொன்னார். அது உண்மை. காலையில் அதை மெச்சியவர் அல்லவா, அதன் பக்கமும் பேச ஓர் ஆள் வேண்டும்தான்.

அவர் தண்ணீர் பாட்டிலைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். தண்ணீர் கேட்டார். அம்மா சொம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சோடா வாங்கி வருகிறேன் என்று கடைக்குப் பறந்தாள். நான் சொம்பில் மோந்து கொடுத்தேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கி, அண்ணாந்து குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதைப் பற்றி அவர் யோசித்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் கடைசி வரிசைக் கட்டங்கள் நிரம்பிக்கொண்டிருந்தன. அம்மா சோடாவோடு வந்து, நான் சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டதைப் பார்த்து, அவர் போன பிறகு ஒரு மணி நேரம் என்னைத் திட்டினாள். சோடாவைக் கடைசியில் அவளே குடித்தாள்.

படம் முடிந்தது. பேட்டரி அதற்குப் பிறகு ரெண்டு நிமிஷம்தான் நின்றது.

அந்த வாரம் தம்பிக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். லேப்டாப்பின் கீழே சூடு தணிக்கிற மேட் வைத்தாயா, பிராசஸர் மேல் தடவுகிற பேஸ்ட்டை மாற்றினாயா என்று என் மேலேயே கேஸ் போட்டான். 'யூ' என்றால் அல்ட்ரா மட்டும்தானா, அதற்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"அல்ட்ரா லோ பவர், அக்கா" என்றான். "மிச்சத்த அன்னிக்கி நீ கேக்கல."

லேப்டாப்பை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அது கெட்ட சாமான் இல்லை. சைட்டில் நின்றுகொண்டு மேஸ்திரிக்கு அளவு காட்ட, கரண்ட் இல்லாத மத்தியானத்தில் பிளானில் கோடு இழுக்க, மெயில் அனுப்ப அதற்கு ஈடு கிடையாது. ஒரு நாள் முழுக்க முணுமுணுக்காமல் உழைக்கும். வேர்க்கிற வேலையை மட்டும் அதனிடம் கொடுக்கக்கூடாது. அந்த வேலைக்கு அஞ்சாம் நம்பர்.

விசிட்டிங் கார்டை மறுபடியும் அடித்தேன், நேரில் வருகிற வரி இல்லாமல். வீட்டுக்கு வந்து காட்டுவீர்களா என்று கேட்கிறவர்களிடம் மெஷின் ரொம்பக் கனம் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே ரெண்டரிங் போட்டுப் படத்தைப் போனில் அனுப்பினால் போதும். ஒரு செகண்ட் வேலை. இதுவரைக்கும் யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

பெரியவரின் வீடு எழும்பி நிற்கிறது. தூண் நாலும் உண்டு. சிங்கத்தை மேஸ்திரி வேண்டாமென்று சொல்லிவிட்டார், மழைத் தண்ணீர் தேங்குமாம். போன மாசம் மகளுக்கு வீடு கட்ட மறுபடியும் வந்தார். அவருக்கு முன்னால் எங்கள் தெருவிலிருந்து ஒரு கொத்தனார் தன் வீட்டுப் படத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார், பெட்டியில் அது ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நேரத்தில் ஒரு படம்தான் ஓடும் என்றேன். பெரியவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கொத்தனார் வீட்டின் ஜன்னல் ஒவ்வொன்றாக நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சன்ஷேடு சின்னதாக இருக்கிறது, சாரல் அடிக்கும் என்று அவரிடம் சொன்னார். கொத்தனார் சரியென்று தலையாட்டினார், நான் ரெண்டரிங்கை நிறுத்திவிட்டு ஷேடை அரை அடி இழுத்தேன்.