அடைக்கலம் படித்த ஆறு பக்கங்கள்

அடைக்கலம் அண்ணன் காலமான செய்தி எங்கள் வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. காலை ஏழரை மணி. கீரனூர் பேருந்து நிலையத்தில் புதுக்கோட்டை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் தலைவர் அனுப்பியிருந்தார்: எரியும் மெழுகுவத்தி, இரண்டு ரோஜாப்பூ, அடியில் 'காகிதத்தின் மணத்தை நேசித்த உன்னத வாசகர்' என்று ஒரு வரி. அதன் கீழே ஐந்து நிமிடத்திற்குள் கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்தன. யாரும் எதையும் படித்துவிட்டுக் கும்பிட்டதாகத் தெரியவில்லை. எங்கள் வட்டத்தின் வழக்கமே அதுதான்.

அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் நல்ல செய்தியா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டேன். காகித மணம் பற்றி அண்ணன் என்ன நினைத்தார் என்பது கும்பிட்ட அத்தனை பேருக்கும் தெரியும். காலையில் டீ குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. அவர் உடம்பு குளிர்வதற்குள் அவரைப் பற்றிய பொய் தயாராகிவிட்டது. வட்டத்தின் செயலாளர் என்ற முறையில் எனக்கும் அந்தப் பொய்யில் பங்கு உண்டு. அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரை அறிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்களும் படிக்கலாம்.

அண்ணன் திருச்சிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். முப்பது வருடம் கீரனூரிலிருந்து பஸ்ஸில் போய் வந்தார். போகும்போது படிப்பார், வரும்போது படிப்பார். உட்கார இடம் கிடைக்காவிட்டால் கம்பியில் ஒரு கையைக் கோத்துக்கொண்டு படிப்பார். பக்கத்து சீட்டுக்காரர் யாராவது, கதை நன்றாக இருக்கிறதா என்று பேச்சுக் கொடுத்தால், இன்னும் முடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். "பாதி படிச்சவன் பேசக் கூடாது. முழுசாப் படிச்சவன் பேசுறதுக்கு முன்னாடி யோசிக்கணும்" என்பார். இந்த விதிப்படி பார்த்தால் எங்கள் வட்டம் முதல் கூட்டத்தோடு கலைந்திருக்க வேண்டும்.

வட்டம் கூடும் இடம் ஓர் உரக்கடையின் மாடி. கடை முதலாளிதான் தலைவர். இடம் அவருடையது என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு வேறு காரணம் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு பன்னிரண்டு பேர் கூடுவோம். புத்தகம் ஒரே பிரதிதான் வாங்குவோம்; அது கைமாறிக் கைமாறிப் பன்னிரண்டு பேரிடமும் போகும். படித்து முடித்தவர் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லாதவருக்குக் கூட்டத்தில் பேச உரிமை இல்லை. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவன் நான். இப்படி ஒன்று வேறெந்த ஊரிலும் இல்லை என்று வெளியூர் நண்பர்களிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

நான்கு வருடத்திற்கு முன்னால் அண்ணனின் மருமகன் துபாயிலிருந்து ஒரு மின்வாசிப்பான் வாங்கி அனுப்பினார். அண்ணன் அதைக் கூட்டத்துக்கே எடுத்து வந்தார். தலைவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, ஒன்னாப்புப் புள்ளைக சிலேட்டு மாதிரி இருக்கு" என்றார். அன்றிலிருந்து அதற்குச் சிலேட்டு என்று பெயர். அண்ணனுக்கும் முதுகுக்குப் பின்னால் அதுவே பெயர்.

அச்சுப் புத்தகமா, மின்வாசிப்பானா என்று அடுத்த மாதமே சிறப்புக் கூட்டம் போட்டோம். தொட்டால் சில்லென்று உயிரில்லாமல் இருக்கிறது என்றார் ஒருவர். பரிசாகக் கொடுத்தால் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுக்க முடியாது என்றார் இன்னொருவர். கரண்டு போனால் என்ன செய்வது என்று தலைவர் கேட்டார். ஒரு தடவை சார்ஜ் போட்டால் மூன்று வாரம் தாங்கும், கரண்டு போனால் உங்கள் புத்தகத்தைத்தான் படிக்க முடியாது என்று அண்ணன் சொன்னார். கடைசியாக நான் எழுந்தேன். காகிதத்தின் மணத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். புதுப் புத்தகத்தைப் பிரித்து முகத்தில் வைத்துக்கொள்வதைப் பற்றிப் பேசும்போது எனக்கே கண் கலங்கியது. கீழே யூரியா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

கைதட்டல் அடங்கியதும் அண்ணன் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார். "வாசம் வேணும்னா ஊதுபத்தி வாங்கிக் கொளுத்திக்கங்க. நான் படிக்கிறதுக்கு வாங்குறேன்." மடியிலிருந்த கருவியைத் தட்டிக் காட்டி, "இதுல ஒன்னுதான் கொறை. படிச்சு முடிச்சதும் ஒருத்தர் கையில குடுத்து, இந்தாங்க படிங்கன்னு சொல்ல முடியல" என்றார்.

அவர் அன்று சொன்னதிலேயே மதிப்புள்ள வாக்கியம் அதுதான். அதை நான் நடவடிக்கைக் குறிப்பில் எழுதவில்லை. சிலேட்டில் படித்தால் படித்ததாகக் கணக்கில்லை, பிரதியை வாங்கிப் படித்துக் கையெழுத்திட்டால்தான் பேசலாம் என்ற தீர்மானத்தைத்தான் எழுதினேன். அண்ணன் எதிர்க்கவில்லை. அதன்பின் முறை வரும்போது பிரதியை வாங்கிப் போவார், ஒரு வாரத்தில் கையெழுத்திட்டு அடுத்தவருக்கு அனுப்பிவிடுவார். திருந்திவிட்டார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

பிறகு ஒரு நாவல் வந்தது. அண்ணன் தம்பி இருவர், ஒரு பாகத் தகராறு, எரிந்து போகும் ஒரு வைக்கோல் போர். தீ வைத்தது யார் என்று கதையின் பிற்பகுதியில் எங்கும் வெளிப்படையாக இல்லை. பக்கத்துக் காட்டுக்காரன்தான் வைத்தான் என்று ஐந்தாறு பேர் அடித்துச் சொன்னார்கள். நான் அதற்கும் மேலே போனேன். ஆசிரியர் தீ வைத்தவனைச் சொல்லாமல் விட்டதுதான் இந்த நாவலின் உச்சம், பாதி வாக்கியத்தில் கதையை நிறுத்திவிட்டு அடுத்த காட்சிக்குத் தாவுகிறார் பாருங்கள், அந்த மௌனத்தை வாசகன்தான் நிரப்ப வேண்டும் என்றேன். இதையே ஒரு கட்டுரையாக எழுதிக் கையோடு கொண்டுவந்திருந்தேன்.

அண்ணன் எங்களை ஒருமாதிரிப் பார்த்தார். "தீ வச்சது மூத்தவன்தானே. அவனே வச்சுட்டு, அவனே தண்ணி வாளியத் தூக்கிட்டு மொத ஆளா ஓடியாரான். அந்த எடத்துல எனக்கு மேக்கொண்டு படிக்க முடியல, மூடி வச்சுட்டு மறுநாத்தான் எடுத்தேன்" என்றார்.

மாடியே சிரித்தது. சிலேட்டில் வேறு கதை ஓடுகிறது போலிருக்கிறது என்றார் தலைவர். அப்படி ஒரு காட்சியே கிடையாது என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். எனக்குக் கட்டுரை போய்விடுமே என்ற ஆத்திரம். பிரதியின் கடைசிப் பக்கத்தை விரித்து அவர் முன்னால் நீட்டி, "கையெழுத்து இருக்குங்கண்ணே. ஆனா நீங்க புத்தகத்தைத் தொறந்து பாத்த மாதிரியே தெரியலையே" என்றேன்.

அவர் பிரதியை வாங்கி முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனார். கட்டைவிரலால் தாள்களின் ஓரத்தை மெதுவாகத் தள்ளிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. பிறகு புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார்.

"சரிதான். நான் தொறக்கல" என்றார். படியிறங்கிப் போனவர் அதன்பின் வரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அந்தப் பிரதியைப் புரட்டினேன். அவர் விரல் நின்ற இடம் மனசுக்குள் குடைந்துகொண்டிருந்தது. புத்தகத்தைப் பெரிய தாளில் அச்சடித்து, மடித்துத் தைத்து, பிறகுதான் ஓரத்தை வெட்டுவார்கள். நடுவில் ஓரிடத்தில் அந்த வெட்டு சரியாக விழவில்லை. நான்கு தாள்கள் மேலேயும் பக்கத்திலும் பிரியாமல் ஒரே தாளாக நின்றன. உள்ளே ஆறு பக்கங்கள் மனிதக் கண் படாமல் இருந்தன. அவற்றைத் தாண்டித்தான் அண்ணனைத் தவிர மற்ற பதினொரு பேரும் போயிருக்கிறோம். பாதியில் நின்ற வாக்கியம் ஒருவருக்கும் உறுத்தவில்லை. நான் அதை உத்தி என்று மேடையில் வேறு விளக்கியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் முதல் கையெழுத்து என்னுடையது.

ஒரு யோக்கியன் அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பான். நான் சவரப் பிளேடை எடுத்தேன். தாள்களை ஒழுங்காக வெட்டிப் பிரித்து, தூசி தட்டி, அலமாரியில் வைத்தேன். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வெட்டினேனே தவிர, படிக்கவும் இல்லை. படித்தால் கட்டுரையைக் கிழிக்க வேண்டியிருக்கும். கட்டுரை ஒரு சிற்றிதழில் வெளிவந்தது. பாராட்டி நாலைந்து பேர் போன் செய்தார்கள். அவர்களும் அந்தப் பக்கங்களைப் படித்திருக்க மாட்டார்கள் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அதன்பின் சந்தையில், கல்யாண வீடுகளில் அண்ணனைப் பார்ப்பேன். வாங்க என்பார். நல்லா இருக்கீங்களா என்பார். நானும் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நழுவிவிடுவேன். பல நாள் அது பஸ் ஓடாத நேரமாகக்கூட இருந்திருக்கும்.

சாவு வீட்டில்தான் இன்னொன்று தெரிந்தது. சர்க்கரை நோய் அவர் கண்ணை ஏழெட்டு வருடமாகவே தின்றுகொண்டிருந்ததாம். அச்செழுத்து அவருக்குக் கறுப்புக் கோடாகத்தான் தெரிந்திருக்கிறது. அந்தக் கருவியில் எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு திரைக்குப் பத்து வரி என்று படித்திருக்கிறார். வட்டத்தின் பிரதி வீட்டுக்கு வந்தால் அலமாரியில் இருக்கும்; அதே நாவலை அதில் வாங்கிப் படித்துவிட்டு இங்கே கையெழுத்திடுவார். கண் போவதை வெளியே சொல்லாததற்கும் காரணம் இருந்தது. எங்கள் வட்டத்தில் அவருடைய தொழிற்சாலைக்காரர் ஒருவர் உண்டு. கண் தெரியாத ஸ்டோர் கீப்பரை யார் வைத்துக்கொள்வார்கள்? சிலேட்டு வந்த சமயத்தில் அவர் ரிட்டயராக இரண்டு வருடம் பாக்கியிருந்தது. நாங்கள் அவரிடம் காகிதத்தின் மணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அடக்கம் முடிந்து வந்து குளித்துவிட்டு அந்த ஆறு பக்கங்களைப் படித்தேன். அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது. மூத்தவன் தீ வைக்கிறான். வாளியோடு அவன்தான் முதலில் ஓடிவருகிறான். ஊர் அவனைப் புகழ்கிறது. நானும் ஓரிடத்தில் மூடி வைத்துவிட்டேன். நாவலே இந்த ஆறு பக்கம்தான், மிச்சமெல்லாம் உமி. நாங்கள் உமியைத் தின்றுவிட்டுக் கைதட்டியிருக்கிறோம்.

காரியம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அதே மாடியில் நினைவேந்தல் கூட்டம். அண்ணனின் மனைவி, துபாயிலிருந்து வந்திருந்த மகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் புதுப் புத்தகத்தை முகர்ந்து பார்த்துக் கண் மூடுவார் என்று ஒருவர் நேரில் கண்டதுபோல் பேசினார். தலைவர் அவரை 'அச்சுப் பண்பாட்டின் காவலர்' என்றார். என் முறை வந்ததும் பிரதியை எடுத்துக் காட்டினேன். வெட்டுப்படாத பக்கங்கள், பன்னிரண்டு கையெழுத்து, பிளேடு, கட்டுரை எல்லாவற்றையும் சொன்னேன். நம்மில் அந்த நாவலைப் படித்தவர் அவர் ஒருவர்தான், அவரைப் பொய்யர் என்று விரட்டியவன் நான் என்றேன்.

பைண்டிங் செய்தவன் பிழைக்கு நாம் என்ன செய்ய முடியும் என்றார் தலைவர். இனி கையெழுத்திடுமுன் தாள்கள் பிரிந்திருக்கின்றனவா என்று செயலாளர் சரிபார்க்க வேண்டும் என ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். நிறைவேறியது. டீ வந்தது. அந்த ஆறு பக்கங்களில் என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

படியில் இறங்கும்போது அண்ணி என்னை நிறுத்தினார்.

"அவுகளுக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. நாலு தாளு ஒட்டிக் கெடக்கு, ஒருத்தனும் தொடலைன்னு வந்து சொன்னாக. ஏன் அங்கேயே சொல்லலைன்னு கேட்டேன். நானுந்தான் தொறக்காமக் கையெழுத்துப் போட்டேன், எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மத்தவுகளக் கேக்குறதுன்னாக."

நான் வந்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என்றேன்.

"மன்னிப்பெல்லாம் அவுகளுக்கு வேணாம் தம்பி. நீங்க எப்படியும் அதப் பிரிச்சுப் படிப்பீக, படிச்சா வீட்டுக்கு வருவீகன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. அந்த எடத்தப் பத்திப் பேசணுமாம். இங்கிட்டு அதப் படிச்ச ஆளு வேற யாரு இருக்கான்னு கேப்பாக."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஆறு பக்கங்கள். கீரனூரில் அவற்றைப் படித்தவர்கள் இரண்டு பேர், ஒருவர் போய்விட்டார். மூத்தவன் எதற்காக வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான் என்பதற்கு எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. அது சரியா என்று கேட்க ஆள் இல்லை.