மர அரண்மனையில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்

பெண் பார்க்க வருகிறவர்களை வீட்டுக்கு அழைப்பதில் ஒரு வம்பு உண்டு. பஜ்ஜியும் சொஜ்ஜியும் தின்றுவிட்டு, "போய் லெட்டர் போடறோம்" என்று கிளம்பிவிட்டால், சாமராஜபேட்டையில் எங்கள் தெரு முழுக்க அதுவே பேச்சாகிவிடும். அதனால் லால்பாகிலோ கோயிலிலோ இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வது வழக்கம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு தற்செயலாக வருவார்கள். கண்றாவி!

என்னைப் பார்க்க அல்சூரிலிருந்து ஒரு குடும்பம் வருவதாகப் பெரியப்பா ஏற்பாடு செய்தார். மாப்பிள்ளைக்கு நல்ல வேலை, கையில் காசு, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை, நான் டீச்சர் டிரெய்னிங்கை உடனே நிறுத்திவிட வேண்டும். வேலைக்குப் போகிற மருமகள் அவர்களுக்கு ஆகாதாம். எனக்கோ படிப்பு முடிய இன்னும் சில மாதங்கள்தான் பாக்கி. அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன், கரண்டியைத் தூக்கி எறிந்தேன். "சும்மா இருடி, பெரியவங்க கெட்டதா செய்வாங்க?" என்றாள் அம்மா.

அப்பா வாயே திறக்கவில்லை. தாய் தகப்பன் போன பிறகு அவரை வளர்த்து, படிக்க வைத்து, சமஸ்தானத்து மராமத்து இலாகாவில் ஓவர்சியராகச் சேர்த்துவிட்டவர் பெரியப்பா. சமஸ்தானம் போய் சர்க்கார் வந்தும் அப்பாவுக்கு அதே வேலை, அண்ணனிடம் அதே பயம். 'மாட்டேன்' என்று ஒரு தடவையாவது சொல்லக் கூடாதா இந்த மனுஷன் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சந்திக்கிற இடத்தை மட்டும் அப்பா சொன்னார்.

"கோயில்ல ஞாயித்துக்கிழமை கூட்டம் தாங்காதுண்ணா. கோட்டைகிட்ட சுல்தானோட பழைய அரண்மனை இருக்குதே, அங்க ஈ காக்கா இருக்காது. படி ஏறினா எதிர்லயே பால்கனி. நாங்க அங்க நிக்கறோம்னு சொல்லிடுங்க."

பெரியப்பா அந்தக் கட்டடத்துக்குள் போனதே இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் பின்பக்கப் படி ஏறிப் போய் நின்றோம். சுல்தானின் தகப்பன் தொடங்கி, சுல்தான் முடித்த கோடைக்கால வீடு அது. சுல்தானுக்குப் பிறகு வெள்ளைக்காரன் அதில் ஆபீஸ் நடத்தினான். கல் பீடங்களின் மேல் உயர உயரமாகத் தேக்குத் தூண்கள், தூணுக்குத் தூண் வளைவு, சுவரிலும் கூரையிலும் பாதி அழிந்துபோன பூவேலை. இதெல்லாம் பிறகு எத்தனையோ தடவை போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு என் கண் படியை விட்டு நகரவில்லை.

அப்பா மட்டும் உற்சாகமாகப் பேசிக்கொண்டே இருந்தார். "சுல்தான் இந்த மாதிரி பால்கனில உக்காந்துதான் ஜனங்க குறையைக் கேப்பாராம்" என்றார். என் குறையை யாரிடம் போய்ச் சொல்வது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இந்த வீட்டுல எல்லாமே ஜோடிம்மா. இந்தப் பக்கம் எத்தனை தூணோ அந்தப் பக்கமும் அத்தனை. படியும் அப்படித்தான். காகிதத்தை மடிச்சு வெட்டின மாதிரி கட்டியிருக்கான்." பிறகு மரக்கிராதியைத் தடவி, "இது கரையான் அரிச்சுப் போயிருந்தது, நான்தான் நின்னு மாத்தினேன்" என்றார்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒருவரும் வரவில்லை. பூச்சரம் வாடிக் கழுத்தில் அரித்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நான் வேணா அந்தப் பக்கமா போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"அய்யய்யோ, நகராதே! நாம போன நேரம் அவங்க வந்துட்டா?" என்றார் அப்பா.

வெயில் சாய்ந்ததும் கிளம்பினோம். அப்பா தானாகவே எங்களை ஹோட்டலுக்கு அழைத்துப்போய் மசால் தோசை வாங்கிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அது நடக்காத காரியம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெரியப்பா கொதித்துக்கொண்டு வந்தார். "என் மானத்தை வாங்கிட்டியேடா! பால்கனில நின்னு நின்னு அவங்களுக்குக் கால் கடுத்துப்போச்சாம்!"

"நாங்களும் பால்கனிலதாண்ணா நின்னோம்."

"அங்க முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு, அச்சு அசல் ஒரே மாதிரி ரெண்டு பால்கனியாம்டா! நடுவுல சுவராம். வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிஞ்சுதாம். அதுக்குள்ள நீங்க போய்ட்டீங்க."

அப்பா புருவத்தை உயர்த்தினார். "அப்படியாண்ணா?"

'அப்படியா'வாம்! கிராதி மாற்றிய ஓவர்சியர் கேட்கிற கேள்வி! எல்லாமே ஜோடி என்று அங்கே நின்று பாடம் நடத்திய மனுஷன்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா பெரியப்பாவுக்கு மோர் கொண்டுவரப் போனாள்.

"முதல் சந்திப்பே இப்படி ஆச்சேன்னு பையனோட அம்மா சகுனம் பாக்கறா. வேணாம்னுட்டாங்க" என்றார் பெரியப்பா. மோரைக் குடிக்காமலேயே போய்விட்டார்.

நான் சமையலறைக்கு ஓடி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு அழுகையாகிவிட்டது. அப்பாடா, அப்பாடா என்று சுவரில் சாய்ந்துகொண்டேன். வெளியே வந்தபோது அப்பா அங்கவஸ்திரத்தை மடித்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நாளைக்கு கிளாஸ் இருக்குது இல்ல?" என்றார். "பட்டுப்புடவையை மாத்திட்டுப் போய்ப் படி."