இடமில்லாத போன்

நோர்வூட்டில் போன் திருத்துபவர் அவர். மப்ளருக்குள் மெலிந்த முகம், இமைக்காத கண்கள். மெசேஜ்களை அழிக்கும்போது "போயிட்டு வாங்க" என்று முணுமுணுப்பார்.

மண்சரிவில் தம்பி செத்த மறுநாள்தான் கவனித்தேன்: என் போன் நிரம்பி, இரண்டு நாளாகப் புதிய மெசேஜ் எதுவும் உள்ளே வரவில்லை. அக்கா கொழும்பிலிருந்து புறப்பட்டாளா என்று தெரிந்தால்தான் அடக்கத்துக்கு நேரம் குறிக்க முடியும். போனை அவரிடம் கொண்டுபோனேன்.

"பழசையெல்லாம் அழிங்க" என்றேன்.

"போயிட்டு வாங்க."

"சாவு வீட்டுக்காரன்கிட்ட என்னய்யா பேச்சு இது!"

"ஒங்களுக்குச் சொல்லலங்க."

முதலில் அக்காவின் மெசேஜ் வந்தது. பஸ் ஏறிவிட்டாள். பின்னாலேயே தம்பியின் நம்பரிலிருந்து ஒன்று: "அண்ணே, மழ விட்டுருச்சு. பயப்படாத."

"சாகுறதுக்கு முந்தி அனுப்புனது!" என்று கத்தினேன்.

அவர் போனை நீட்டினார். "இப்ப எடம் இருக்குங்க. பதில் போடுங்க."

அவர் முகத்தில் கிண்டல் இல்லை. அந்த ஆளை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. ஆனால் அங்கேயே நின்று, அக்காவுக்கு முன்னால் தம்பிக்குத்தான் பதில் போட்டேன்.