சிவப்பு கிளிப், மஞ்சள் கிளிப்

தலைக்காய வார்டில் ஈசிஜி எடுக்கும் அக்காவுக்குச் சிடுமூஞ்சி என்று பட்டப்பெயர். சும்மா வந்ததில்லை அது. மெஷினிலிருந்து பேப்பர் வரும்போது சொந்தக்காரர்கள் பேப்பரைப் பார்க்க மாட்டார்கள், இவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். லேசாகச் சிரித்தால் ஆள் பிழைத்துவிட்டான் என்று குதிப்பார்கள். புருவம் சுருங்கினால் அங்கேயே அழுகை. எதற்கு வம்பு என்று எந்நேரமும் ஒரே கடுகடுப்பை ஒட்டிக்கொண்டு திரிந்தாள்.

பெரிய டாக்டர் வேறு அந்தப் பேப்பர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டிருந்தார். அடிபட்டது தலையில்தான் என்றாலும் இதயத்தின் கோட்டில் அது தெரியுமாம். முதல் இரண்டு மூன்று நாளை யார் தாண்ட மாட்டார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாமாம். அலை தலைகீழாக விழுந்தால் ஆபத்து அதிகம் என்பார். அவளுக்கு இதில் பாதி புரியும், பாதி புரியாது.

அன்று ஸ்ட்ரெச்சரில் வந்தது அவள் தம்பி. பெயிண்ட் அடிக்க ஏறிய சாரத்திலிருந்து விழுந்திருந்தான். நினைவில்லை. தம்பி மனைவி அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்றாள். வழக்கமாக அக்கா நிற்கிற பக்கம் அது; கிட்டே இருக்கும் வலது கைக்குச் சிவப்பு, எட்ட இருக்கும் இடது கைக்கு மஞ்சள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று இடது பக்கம் போய் நின்றாள். பழகிய விரல்கள் பழகியபடியே கிட்டே இருந்த கையில் சிவப்பு கிளிப்பையும் எட்ட இருந்த கையில் மஞ்சளையும் மாட்டின.

பேப்பரில் முதல் வரியே தலைகீழ். முதல் வரி கவிழ்ந்திருந்தால் கை வயரைப் பார் என்பதுதான் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்லும் முதல் பாடம். சொந்தத் தம்பி என்றதும் அந்தப் பாடம் எங்கே போய்த் தொலைந்ததோ! இத்தனை வருடம் கட்டிக்காத்த முகம் உடைந்துவிட்டது. தம்பி மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணி, மறைக்காதீங்க. இருப்பாரா?"

"பேசணும்னா இப்பவே பேசிடும்மா."

காலையில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பெரிய சண்டை. சாப்பிடாமலே வேலைக்குப் போயிருந்தான். அவள் குனிந்து அவன் காதில் என்னென்னவோ சொன்னாள், அழுதுகொண்டே நிறையச் சொன்னாள்.

டாக்டர் வந்து பேப்பரைப் பார்த்தார், பிறகு கைகளைப் பார்த்தார். வயரை மாற்றி மாட்டியிருக்கிறாயே என்றார். சரியாக மாட்டி எடுத்ததும் அலைகள் நல்ல பிள்ளையாக நிமிர்ந்து நின்றன. ஸ்கேனும் அவ்வளவு மோசமில்லை, பயப்பட வேண்டாம் என்றார். தம்பி மனைவி அண்ணியை எரித்துவிடுவதுபோல் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கவனிக்க வீட்டுக்குப் போனாள். அக்காவுக்கு அவமானம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம்.

மறுநாள் மத்தியானம், மனைவி திரும்பி வருவதற்குள், தம்பி போய்விட்டான். மூளை திடீரென்று வீங்கிவிட்டதாம். டாக்டர் அந்த நல்ல பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணக்கில் அடங்காதவர்களும் உண்டு என்றார், அவ்வளவுதான். சரியான பேப்பர் பிழைப்பான் என்றது, ஆனால் தப்பான பேப்பரை நம்பித் தான் சொன்னதுதான் பலித்துவிட்டது. அப்படியானால் தன் வாய் முகூர்த்தமா? யோசிக்க யோசிக்க அவளுக்குத் தலை சுற்றியது.

கொஞ்ச நாள் கழித்துத் தம்பி மனைவி வார்டுக்கே தேடி வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று அக்கா நினைத்தாள். வந்தவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க வயரை மாத்திப் போட்டதாலதான் நான் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். இல்லேன்னா வீட்டுக்கு வரட்டும், பேசிக்கலாம்னு இருந்திருப்பேன்."

நல்லது செய்தோமா, கெட்டது செய்தோமா? அதற்குள் உள்ளே புது ஆள் வந்துவிட்டதாகக் கூப்பிட்டார்கள். வலது பக்கம் போய் நின்று சிவப்பு கிளிப்பைக் கையில் எடுத்தாள். எதிரே நின்ற அந்தப் புது ஆளின் தாய் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று அக்காவுக்குத் தெரியவில்லை.