தலையுருட்டி

யாழ்ப்பாணப் பட்டினத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு முஸ்லிம் நானா நடத்திய கடையில் அந்தச் சண்டை மெஷின் நின்றது. அலுமாரி அளவு மரப்பெட்டி, நடுவில் கண்ணாடித் திரை, கீழே ஆட்டுகிற தடியும் பொத்தான்களும். திரையில் இரண்டு பேர் குத்திக்கொள்வார்கள். அடிக்கு அடி இரத்தம் தெறிக்கும். எதிரி தள்ளாடும்போது கழுத்துக்குக் கணக்காக ஒரு உதை விட்டால் தலை கழன்று உருளும். அதனால் எங்களுக்கு அது தலையுருட்டி. அசல் பெயரை யாரும் வாசித்ததில்லை.

நானும் மாமாவின் மகனான மச்சானும் சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் போவோம். ஒருநாள் போகிற வழியில் சந்தி மின்கம்பத்தில் ஒருவரைக் கட்டிச் சுட்டிருந்தார்கள். தலை நெஞ்சில் தொங்கியது. இலையான் மொய்த்தது. நாங்கள் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. கடைக்குப் போய் வழமைபோல விளையாடினோம். மச்சான் அன்று எல்லோரையும் வென்றான்.

தொண்ணூறில் ஆமிக்கும் இயக்கப் போராளிகளுக்கும் மறுபடி சண்டை மூண்டதும் மின்சாரம் நின்றது. மெஷினும் செத்தது. அந்த ஐப்பசியில் இயக்கம் முஸ்லிம் சனங்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னது. நானா உடுத்த சாரத்தோடு போனார் என்று கேள்விப்பட்டோம். அடுத்த முறை பட்டினம் போனபோது கடைக்கதவு உடைந்து கிடந்தது. மெஷின் முகங்குப்புறக் கிடந்தது.

விளையாட்டு மட்டும் எங்களை விடவில்லை. எங்கள் வீட்டுக்குப் போகிற ஒடுக்கமான ஒழுங்கையில் புகையிலையைத் தொங்கவிட்டு உணத்தும் கொட்டில் ஒன்று வெறுமையாக இருந்தது. மாலையில் அங்கே கூடி, மெஷின் இல்லாமலே தலையுருட்டி விளையாடத் தொடங்கினோம். இரண்டு பேர் பொம்மை. ஒவ்வொரு பொம்மைக்கும் பின்னால் அதை ஆட்டுகிறவன் ஒருவன். அவன் "குத்து" என்றால் குத்த வேண்டும், "உதை" என்றால் உதைக்க வேண்டும், "தடு" என்று சொல்லாமல் கையைத் தூக்கக்கூடாது. பொம்மை வாய் திறக்கக்கூடாது. நான் உடம்புக்காரன், அதனால் பொம்மை. மச்சான் என்னை ஆட்டுகிறவன்.

முதலில் அடிகளைத் தோல் தொடுமுன் நிறுத்தினோம். பிறகு பார்க்கச் சனம் வந்தது. ஒருவனின் மூக்கு உடைந்தது. மற்றவனின் பல் மண்ணில் விழுந்தது. சனம் கூடியது.

ஒருநாள் எனக்கு எதிர்ப் பொம்மையாக வந்தவன் கரையோரக் கொழும்புத்துறைப் பெடியன். ஷெல்லடிக்குப் பயந்து குடும்பத்தோடு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வந்திருந்தான். வலை இழுத்த கைகள். அவனை ஆட்டியவன் எங்கள் ஒழுங்கைக்காரன். ஒழுங்கைக்காரனுடைய அண்ணை பொம்மர் விமானம் போட்ட குண்டில் செத்து, முந்தினநாள்தான் எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்திருந்தது. பிரேதமென்று வந்தது ஒரு சாக்குக்குள் அடங்கியது. அவன் விளையாட வருவானென்று யாரும் நினைக்கவில்லை.

"குத்து," என்றான் அவன். "குத்து, குத்து, குத்து."

மச்சான் சொல்லச் சொல்ல நானும் அடித்தேன். கொழும்புத்துறையானின் புருவம் பிளந்தது. பிறகு அவனுடைய குத்து ஒன்று என் இடது காதடியில் இறங்கியது. தலைக்குள் ஒரு கோயில் மணி விழுந்ததுபோல இருந்தது. முழங்காலில் விழுந்தேன்.

"தடு! தடடா!" என்று மச்சான் கத்தினான். எனக்குக் கை எழும்பவில்லை.

"உதை," என்றான் ஒழுங்கைக்காரன்.

"டேய், அவன் விழுந்திட்டான். காணும்!" என்று மச்சான் குறுக்கே வந்தான். ஒழுங்கைக்காரன் மச்சானைத் தள்ளி விழுத்தினான்.

"தலை இன்னும் கழரேல்லையடா! உதை! அதே காதிலை உதை!"

கொழும்புத்துறையான் உதைத்தான். சட்டம் அப்படி. ஒழுங்கைக்காரன் மறுபடியும் சொன்னான், அவன் மறுபடியும் உதைத்தான். கீழே கிடந்து உதைத்தவனின் முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தான். என் வாய்க்குள் இரத்தமும் மண்ணும். இப்படித்தான் சாகப்போகிறேன் என்று நினைத்தேன், அது பயமாகக்கூட இருக்கவில்லை.

அடுத்த முறை "உதை" என்ற சத்தம் வந்தபோது கொழும்புத்துறையான் திரும்பினான். தன்னை ஆட்டியவனின் வாயிலேயே குத்தினான். அவன் சாய்ந்த பிறகும் நெஞ்சில் ஏறியிருந்து குத்தினான்.

"சொல்லடா! இப்ப சொல்லு, ஆரை அடிக்க? ஆரை அடிக்க?"

ஒழுங்கைக்காரன் தடுக்கவேயில்லை. உடைந்த வாயால், "அடி, இன்னும் அடி," என்றான். பிறகு "அண்ணை" என்று ஒரு சத்தம் போட்டான். எட்டு நாளும் செத்த வீட்டில் அவன் அழுததை யாரும் கண்டிருக்கவில்லை. கொழும்புத்துறையான் கையை நிறுத்தி, அவன் மேலேயே குப்புற விழுந்தான். பார்க்க வந்த சனம் ஒவ்வொருவராக நழுவியது.

மச்சான் என்னைச் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

"ஆரடா அடிச்சது?" என்று பின்னால் ஓடிவந்த அம்மா கேட்டா.

"விழுந்திட்டான், மாமி," என்றான் மச்சான். அம்மா அவனுடைய கையில் இருந்த இரத்தத்தைப் பார்த்தா. மருந்துத் தட்டுப்பாடு. உப்புத்தண்ணீரால் கழுவிக் கட்டினார்கள். அந்தக் காது பிறகு கேட்கவேயில்லை.

மூன்றாம் நாள் ஒழுங்கைக்காரன் வந்தான். முகம் வீங்கி ஆளே மாறியிருந்தான். கட்டிலுக்கு இடப்பக்கமாக நின்று, குனிந்து ஏதோ மெல்லச் சொன்னான். எனக்கு உதடு அசைவது மட்டும் தெரிந்தது. "என்ன?" என்று நான் தலையைத் திருப்புவதற்குள் போய்விட்டான். அந்தக் கிழமையே வீட்டை விட்டு இயக்கத்துக்குப் போனான். அடுத்த வருசம் பெட்டியில் வந்தான். திறக்க வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

செத்த வீட்டில் அவனுடைய தாய் என்னைக் கண்டதும் கையைப் பிடித்தா.

"தம்பி, போக முன்னம் உன்னட்டை ஆஸ்பத்திரிக்கு வந்தவனாமே. என்ன சொன்னவன்?"

"எனக்குக் கேக்கேல்லை, அம்மா."

அவ என் தழும்பையும் காதையும் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்தபடி, "எனக்கும் ஒண்டும் சொல்லேல்லை," என்றா. கையை விடவில்லை. பிரேதம் எடுக்கும்வரை பக்கத்தில் இருந்தேன்.